தோட்டத்துச் சபையின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்துப் பெந்தெகொஸ்தே சபைக்கு ஐம்பது வருடம் நிறைகிறது. ஜூபிலி மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சபை 1976இல் தொடங்கியது என்று பாஸ்டர் சொல்கிறார். என் அம்மாயியோ, 'போயா லீவு இருந்த காலத்திலேயே நம்ம காம்பராவில் (லயம் என்கிற வரிசை வீட்டு அறையில்) ஜெபம் நடந்தது' என்கிறார். யாரை நம்புவது? மலையகத்துக்குப் பெந்தெகொஸ்தே எப்படித்தான் வந்தது?"

தம்பி, இரண்டு பேரையும் நம்புங்கள். ஆனால் எழுத ஆரம்பிப்பது அம்மாயியிடமிருந்து இருக்கட்டும்.

அவர் சொன்ன அந்த ஒரு வரி சும்மா வந்த வரி இல்லை. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறை ஆக்கியது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அட்டமிகள் என்று நிலவைப் பார்த்துத்தான் லீவு. அது எந்தக் கிழமையிலும் விழலாம். ஞாயிறு சாதாரண வேலைநாளாகிவிட்டது. 1971இல்தான் ஞாயிறு மறுபடி விடுமுறையானது. கிறிஸ்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் விடியுமுன் கூட வேண்டும், அல்லது வேலை முடிந்து இருட்டிய பிறகு கூட வேண்டும். அப்படிக் கூடியவர்களுக்கு அந்தக் காலம் மறக்காது. ஆக, உங்கள் அம்மாயி உங்களுக்கு 1966க்கும் 1971க்கும் இடையில் என்று தேதியே கொடுத்துவிட்டார். 1976க்குக் குறைந்தது ஐந்து வருடம் முந்தியது.

அப்படியானால் பாஸ்டர் சொல்லும் 1976 என்ன? அநேகமாக ஒரு ஊழியக்காரர் நிரந்தரமாக வந்து தங்கிய வருடம், அல்லது முதல் ஞானஸ்நானம் நடந்த வருடம், அல்லது ஏதாவதொரு பெரிய ஸ்தாபனத்தோடு சபை இணைந்த வருடம். இவற்றில் எது என்று கேட்டு எழுதுங்கள். ஜெப வீடாக இருந்தது ஒரு காலம், சபையானது இன்னொரு காலம். மலையகத்தில் நான் விசாரித்த சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டும் தனித்தனித் தேதிகள்தான். மலரில் இரண்டாவது தேதி மட்டும் அச்சாகும். முதல் தேதிக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கொழுந்தெடுத்த பெண்கள். அவர்கள் பெயர் எங்கும் வராது. இந்த மலரில் அது வரவேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். இதை மலரில் ஒரு பக்கத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

தோட்டங்களில் கிறிஸ்தவம் பெந்தெகொஸ்தேயோடு தொடங்கவில்லை. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், அங்கிலிக்கன் மிஷனரிமாரும் சில தோட்டத்துரைமாரும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் இன்று காதுக்குக் கசக்கிறது, அன்று அதுதான் பெயர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டு, தோட்டம் தோட்டமாக நடந்துபோய்ப் பிரசங்கித்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். மெதடிஸ்த மிஷன் ஊவா பக்கம் வேலை செய்தது. எல்லாரையும்விட எண்ணிக்கையில் அதிகம் கத்தோலிக்கர்கள். இன்றும் எத்தனையோ தோட்டங்களில் பாதையோரம் சின்ன அந்தோனியார் கெபி இருக்கிறது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி ஆலயம் இருக்கிறது. பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலயத்து மயானத்தில், உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் பொறித்துவைக்க வசதி இருந்தவர்களின் கிறிஸ்தவம் அது. அதைத் தேடிப்போவது சுலபம். லயத்துக் கிறிஸ்தவத்தைத் தேடுவதுதான் கஷ்டம்.

பெந்தெகொஸ்தே எழுப்புதல் என்றால் எல்லாரும் 1906, லொஸ் ஏஞ்சல்ஸ், அசூசா தெரு, கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் என்று சொல்வார்கள். அது சரி. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1905இல், பூனாவுக்குப் பக்கத்தில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் அதேபோன்ற எழுப்புதல் நடந்தது. அதற்கும் முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சுற்றி அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நம்முடைய ஆட்களுக்கு இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஆனால் "திருநெல்வேலி எழுப்புதலே எங்கள் சபையின் வேர்" என்று மலரில் எழுதிவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பம் அந்தப் பக்கத்து விசுவாசக் குடும்பம் என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள். நம் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலானோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்தார்.

இலங்கைக்குள் பெந்தெகொஸ்தே நிலைகொண்டது 1920களில். இரண்டு ஓட்டங்களாக அது வந்தது. ஒன்று, டென்மார்க்கில் நாடக நடிகையாக இருந்து மிஷனரியான அன்னா லெவினியும், இந்தியாவில் பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்த வால்டர் கிளிபர்டும் கொழும்பில் தொடங்கிய வேலை. அதிலிருந்து வளர்ந்ததுதான் அசெம்பிளிஸ் ஒப் கோட். 1947இல் அது சட்டரீதியாகக் கூட்டிணைக்கப்பட்டது. இன்னொன்று சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் இராமன்குட்டி என்று பிறந்து, சின்ன வயதில் இலங்கைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே இயேசுவை ஏற்றுக்கொண்ட பாஸ்டர் போலும், ஆல்வின் டி அல்விஸும் அதை ஆரம்பித்தார்கள். வெள்ளை உடை, திருமணம் செய்யாத ஊழியக்காரர்கள், எல்லாரும் ஒன்றாக வாழும் விசுவாச வீடு, மருந்தில்லாத தெய்வீக சுகம் என்று கடுமையான ஒழுங்கு கொண்டது. இலங்கையில் பிறந்து, இங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பரவிய இயக்கம் இது. 1984இல் இந்தியாவில் பெயரை மாற்றிக்கொண்டது, இங்கே பழைய பெயரிலேயே அறியப்படுகிறது. கடல் கடந்து வேலைக்கு வந்த ஒரு வீட்டு வேலைக்காரப் பையன் தொடங்கியது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் மனம் நிறைகிறது. நம் ஆட்களும் அப்படித்தானே வந்தார்கள்.

ஆனால் கொழும்பில் தொடங்கியது உடனே தோட்டத்துக்கு ஏறிவிடவில்லை. தோட்டம் என்பது அன்று மூடிய இடம். வெளியாள் உள்ளே வரவேண்டுமென்றால் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரியதுரையின் உத்தரவு வேண்டும். தொழிற்சங்கக்காரர்களையே அத்துமீறல் என்று பிடித்துக்கொடுத்த காலம் அது. சைக்கிளில் வேதப் புத்தகத்தோடு வருகிறவருக்கு மட்டும் கதவு திறந்திருக்குமா? அதனால் முதல் கூட்டங்கள் டவுனில்தான் நடந்தன, கடைவீதிக்கு மேலே ஒரு வாடகை அறையில். சம்பளத்துக்கு அடுத்த நாள் சாமான் வாங்க இறங்கிய குடும்பம் பாட்டுச் சத்தம் கேட்டு நின்றது என்று பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தோட்டத்துக்குள் அது நுழைந்தது சொந்தக்காரர் வழியாக. தமிழ்நாட்டுக்குப் போய்வந்த மாமனோ சித்தப்பனோ அங்கே ஒரு கூட்டத்தில் மனம் திரும்பி, இங்கே வந்து சொல்வார். ஏற்கெனவே வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராக, இருந்த குடும்பம் ஒன்று பழைய ஆலயத்தில் ஏதோ போதவில்லை என்று தேட ஆரம்பிக்கும். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் பங்களாக்களுக்கும் வேலைக்குப் போனார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போன பிள்ளை தீபாவளிக்கோ கிறிஸ்மசுக்கோ வீட்டுக்கு வரும்போது, பாட்டுப் புத்தகத்தோடு வரும். உங்கள் சபை எந்த வழியில் வந்தது என்று பார்த்தால், உங்கள் ஊரின் போக்குவரத்தே அதில் தெரியும்.

ஏன் அது பிடித்தது? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அரிசியும் பால்மாவும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள் என்பது ஒரு பதில். அப்படி நடந்த இடமும் இருக்கலாம். ஆனால் 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்தில் சனம் பட்டினியால் செத்தபோது, லயத்து ஜெப வீட்டில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, எல்லார் வீட்டிலும் ஒரே பசி. அப்போதும் ஜனங்கள் கூடினார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். யாரும் இவர்களைக் கேட்கவில்லை. செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஒரு நம்பர், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் ஒரு பேர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு பெண் ஜெப வீட்டில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். எல்லாரும் வாயை மூடிக் கேட்கிறார்கள். ஜெபிக்கத் தெரிந்தால் அவரே ஜெபத்தை நடத்துகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சங்கீதம் 91ஐ முழுதும் மனப்பாடமாகச் சொல்கிறார். அந்த இடம் அவருக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. புருஷன் குடியை விட்டான் என்பது அடுத்த காரணம். சம்பள நாளில் சாராயக் கடையில் முடிந்துபோன காசு வீட்டுக்கு வந்தது. இந்தச் சாட்சியை நீங்கள் எந்தச் சபையிலும் கேட்பீர்கள், அதனால் அதைச் சாதாரணமாக எடுத்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அது பிள்ளையின் படிப்பு.

நோயும் ஒரு காரணம். தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா வியாதிக்கும் ஒரே கலவை மருந்து என்ற காலத்தில், தலையில் கைவைத்து ஒருவர் ஒரு மணி நேரம் அழுது ஜெபித்தது பெரிய விஷயம். சுகமானவர்கள் இருக்கிறார்கள், ஆகாதவர்களும் இருக்கிறார்கள். மலரில் சுகமானவர் சாட்சி மட்டும் வரும். முடியுமானால், ஜெபித்தும் பிள்ளையை இழந்து, பிறகும் சபையை விடாத ஒரு தாயின் பேச்சையும் சேருங்கள். அப்படி ஒருவர் உங்கள் சபையிலும் கட்டாயம் இருப்பார்.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்துச் சபை வரலாற்றில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டத்தில் யாருக்கும் நிலம் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்கு முன்னால் கம்பெனிக்காரனுடையது, பிறகு அரசாங்கத்துடையது, 1992இலிருந்து அரசாங்கம் பிராந்தியக் கம்பெனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்திருக்கிறது. லயத்துக் காம்பராவும் தோட்டத்துடையதுதான். மாரியம்மன் கோவிலுக்கும் பிள்ளையார் கோவிலுக்கும் தோட்டம் ஆரம்பத்திலேயே இடம் விட்டிருந்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன் ஆலயங்களுக்குத் துரைமார் காலத்திலேயே காணி எழுதிக்கொடுக்கப்பட்டது. கடைசியாக வந்த பெந்தெகொஸ்தேகாரருக்கு ஒரு அங்குலமும் இல்லை. அதனால் நம் சபைகள் காம்பராவில் பிறந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையில் பாய், அடுப்பை அணைத்துவிட்டு அந்த மூலையிலும் பிள்ளைகள். பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் கூரை வரை போகாத சுவர். கைதட்டிப் பாடினால் அந்த வீட்டில் காய்ச்சலில் படுத்திருக்கிற கிழவருக்கும் கேட்கும். சண்டை பெரும்பாலும் சாமியால் வந்ததில்லை, சத்தத்தால் வந்தது.

ஆட்கள் கூடியதும் துரையிடம் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பழைய பிள்ளை மடுவத்தையோ பாழடைந்த லயத்தையோ ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்பார்கள். ஒரு துரை கொடுப்பார், மாறி வருகிற அடுத்த துரை எடுத்துவிடுவார். இதனால்தான் பல சபைகள் தோட்ட எல்லையைத் தாண்டி, டவுனுக்குப் போகிற ரோட்டோரத்தில் சில பேர்ச் (ஒரு ஏக்கர் 160 பேர்ச்) காணியைப் பணம் கொடுத்து வாங்கின. நாள் சம்பளக்காரர்கள் மாதாமாதம் சேர்த்த காசு. பெண்கள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியாக வைத்து, அதை விற்றுக் கொடுத்த காசு. அந்தக் காணி உறுதியின் பிரதி சபையில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். ஸ்தாபனத்தின் பெயரிலா, பாஸ்டரின் பெயரிலா, விசுவாசிகள் சிலரின் பெயரிலா? பிற்காலத்துப் பிரிவினைகள் பலவற்றுக்கு விடை அந்த ஒரு தாளில் இருக்கும். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி கொடுக்கிற திட்டத்தில் தனி வீடு கிடைத்த தோட்டங்களில் ஜெப வீடு மறுபடியும் வீடுகளுக்குத் திரும்பியிருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோவிலோடு வந்த பிணக்கையும் மறைக்காமல் எழுத வேண்டும். தோட்டத்துக் கோவிலுக்குச் சந்தா சம்பளத்திலேயே பிடிபடும். ஒரு குடும்பம் மனம் திரும்பியதும் "எங்களுக்குப் பிடிக்க வேண்டாம்" என்று போய்ச் சொல்லும். தோட்டத் தலைவருக்கு அது ஊரிலிருந்து விலகிப்போவதாகத் தெரியும். திருவிழாவுக்குத் தப்பு என்கிற பறையை அடிக்கிற குடும்பம் அடிக்கமாட்டோம் என்றால் பிரச்சினை இன்னும் பெரிதாகும், ஏனென்றால் அதில் சாதியும் இருக்கிறது. அடிக்கமாட்டேன் என்று சொன்ன அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நம் மலர்கள் சொல்வதே இல்லை. அதேநேரம், சாதி சபைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டது என்றும் எழுதாதீர்கள். கலியாணப் பேச்சு வரும்போது அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாவு வீட்டிலும் பிரச்சினை வரும். தப்புச் சத்தம் இல்லாமல் பாட்டோடு பிரேதம் எடுத்ததற்குச் சண்டை நடந்த தோட்டங்கள் உண்டு. பிறகு இரண்டு பக்கத்தாரும் ஒரே மயானத்தில் குழி வெட்ட ஒன்றாகப் போனதும் உண்டு. கோவில்காரப் பெரியவர் ஒருவரிடமும் பேசி, அவர் பார்வையையும் நேர்மையாக எழுதுங்கள். காமன் கூத்தையும் மாரியம்மனையும் "அந்தகாரம்", "பிசாசு" என்று அச்சில் போட வேண்டாம். உங்கள் பாட்டன் அந்தக் கூத்தில் ஆடியவராகவும் இருக்கலாம்.

வெளியிலிருந்து வந்த நெருக்கடியும் இருக்கிறது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. 2008இல் மத விவகார அமைச்சு, புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு பல இடங்களில் நீண்ட காலமாக நடந்துவந்த ஜெப வீடுகளையும் நிறுத்துவதற்கு அந்தத் தாளைக் காட்டினார்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உறுப்புரையும் விசுவாசிக்கவும், கூடி வழிபடவும் உரிமை தருகின்றன. உங்கள் சபைக்குப் பொலிசிலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ கடிதம் வந்திருந்தால், அதைத் தேதியோடு பதிவு செய்யுங்கள். கோபம் வேண்டாம், தேதி போதும்.

பிரிவினைக்கும் ஒரு பந்தி ஒதுக்குங்கள். பிரியாத பெந்தெகொஸ்தே சபையை நான் மலையகத்தில் கண்டதில்லை. வெளியேறியவர்கள் மேல் லயத்தில் இன்னொரு கூட்டம் தொடங்கியிருப்பார்கள். "சிலர் வழிவிலகினார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம். அந்தக் காம்பராவில் முதல் நாள் இருந்தவர்கள் அவர்களிலும் உண்டு. போய்க் கேளுங்கள். மனத்தாங்கல் இருந்தாலும், பழைய நாட்களைப் பற்றிக் கேட்டால் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

ஆவணம் என்று பார்த்தால், சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் காணிக்கைப் புத்தகமும் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. பல சபைகளில் பாஸ்டர் மாறும்போது புத்தகமும் அவரோடு போய்விட்டது. பழைய பாஸ்டரின் குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். விவாகப் பதிவைத் தேடும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஆலயத்தில் போதகரே விவாகத்தைப் பதிவு செய்யலாம். காம்பராவில் கூடிய சபைக்கு அந்தப் பதிவு எப்படி இருக்கும்? அதனால் பெரும்பாலான ஜோடிகள் விவாகப் பதிவாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, சபையில் ஆசீர்வாதம் மட்டும் வாங்கினார்கள். சபையில் பதிவு இல்லை என்பதற்காக விவாகம் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குடிசன மதிப்பீடும் உங்களுக்குப் பெரிதாக உதவாது. 2012 கணக்கில் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்கள் எல்லாரையும் சேர்த்தே நாட்டின் சனத்தொகையில் 1.4 சதவீதம். பெந்தெகொஸ்தே என்று தனியாக ஒரு கட்டம் அதில் இல்லை.

தேதி பிடிக்க அம்மாயி செய்ததையே மற்றவர்களிடமும் செய்யுங்கள். எந்த வருடம் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ளே போறதுக்கு முந்தியா பிந்தியா" என்று கேட்டால் உடனே வரும். மவுஸ்ஸாக்கலை அணை நிரம்பியது 1969. பாண் வரிசையும் பஞ்சமும் என்றால் 1973, 74. தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது 1975. டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லட்சுமணன் சூடுபட்டு இறந்தது 1977 மே. பிறகு 1977, 1981, 1983 கலவரங்கள். கம்பெனி வந்தது 1992. ஒரு ஞானஸ்நானம் இவற்றில் எந்த இரண்டுக்கு நடுவில் நடந்தது என்று தெரிந்தாலே போதும். எந்த ஆற்றில், எந்தப் பாலத்துக்குக் கீழே முழுக்குக் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள், மலைத் தண்ணீரின் குளிரை யாரும் மறப்பதில்லை.

இன்னொரு முக்கியமான இடம் இந்தியா. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறிப் போனவர்களில் உங்கள் சபையின் ஆரம்ப விசுவாசிகள் கட்டாயம் இருப்பார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் 1984 வரை ஓடியது. போனவர்களில் பெருந்தொகையானோர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் குடியேறினார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்கு வேலை கொடுத்தது. அங்கே போயும் அவர்கள் சும்மா இருக்கவில்லை, தோட்ட வீடுகளில் ஜெபம் வைத்தார்கள். இங்கே எடுத்த பழைய குறூப் போட்டோக்கள் அங்கே பத்திரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பிரிந்து போகிறவர்கள்தான் போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் சபையில் யாருக்காவது கூடலூரில் சொந்தக்காரர் இருந்தால், வட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு எடுத்தாலே பாதிக் கதை வந்துவிடும்.

சாட்சிகளை எழுதும்போது அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். திருத்தி, மெருகேற்றி, பிரசங்க மொழியாக்கிவிட வேண்டாம். அற்புதத்தை அவர் சொன்னபடியே, அவர் சொன்னதாகவே போடுங்கள். "ஆயிரக்கணக்கானோர் இரட்சிக்கப்பட்டனர்" மாதிரி வரிகளை விட்டுவிடலாம், தோட்டத்தில் மொத்தமே எத்தனை குடும்பம் என்று வாசிக்கிறவருக்குத் தெரியும். புருஷன் அடித்த கதை, கடன் கதை எல்லாம் வரும்போது, பெயர் போடலாமா என்று திரும்பவும் கேட்டுவிட்டுப் போடுங்கள். பேசுகிற வேகத்தில் தலையாட்டியிருப்பார்கள், பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

மலர் அச்சானதும் ஒரு பிரதியையும், நீங்கள் சேர்த்த பதிவேடு, கடிதம், படங்களின் ஸ்கேன்களையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். மலையகத்து ஆவணங்களை அவர்கள் இணையத்தில் பாதுகாத்துவருகிறார்கள். மூலப்படிகளை ஈரம் படாத தகரப் பெட்டியில், சபையின் பொறுப்பில் வையுங்கள். ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்காமல், முதலில் அம்மாயியின் பக்கத்தில் போனில் ரெக்கோர்டரைப் போட்டுவிட்டு உட்காருங்கள். அந்தக் காம்பராவில் முதல் நாள் யார் யார் இருந்தார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவரோடு அன்று உட்கார்ந்திருந்தவர்களில் இன்னும் யாராவது உயிரோடு இருந்தால், அதே பயணத்திலேயே அவரையும் பார்த்துவிடுங்கள்.